தாய்வீட்டிலிருந்து திரும்பும் முன்: கைக்குச்சி, காப்பர்-டி, ஊசி, மாத்திரை ஆகியவற்றில் எதைத் தேர்வது?

வேலூர்ப் பக்கத்தில் முதல் பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டுக் கணக்கில்தான் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து குடியாத்தத்துக்கோ அணைக்கட்டுக்கோ அழைத்து வரப்படும் பெண், குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நடக்கும்போது, ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ இருக்கும் புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறார். அடுத்த குழந்தைக்கு எவ்வளவு இடைவெளி விடுவது, அதற்கு எந்த முறையைக் கைக்கொள்வது என்ற முடிவும் இந்த மாதங்களுக்குள்ளேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. பல சமயங்களில் அவரைக் கேட்காமலேயே எடுக்கப்படுகிறது. பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்த பிறகு, பிரசவம் பார்த்த மருத்துவமனை ஒரு மாவட்டத்திலும், பின்னாளில் ரத்தப்போக்கு என்றோ வலி என்றோ போய் நிற்க வேண்டிய மருத்துவமனை இன்னொரு மாவட்டத்திலும் இருப்பது சாதாரணமாகிவிட்டது. கருத்தடை முறைகளை ஒப்பிடும் துண்டுப் பிரசுரங்கள் எதிலும் இந்தச் செய்தி இருப்பதில்லை. குடியாத்தம், கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களில் குடும்பநல ஆலோசனைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில், ஒப்பீட்டை நான் இங்கிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

முதலில், புதிதாகப் பேசப்படும் முறையைப் பற்றிச் சொல்கிறேன். தோலுக்கடியில் வைக்கப்படும் கருத்தடை இம்ப்ளாண்ட்டை நம் பெண்கள் 'கைக்குச்சி' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். 4 சென்டிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள, வளையக்கூடிய ஒற்றைக் குச்சி அது. அதிகம் வேலை செய்யாத கையின் மேற்புறத்து உட்பக்கத்தில், மரத்துப்போகும் ஊசி போட்டு, சில நிமிடங்களில் தோலுக்குச் சற்றே கீழே வைக்கிறார்கள். அதில் உள்ள 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் நாளும் சிறிதளவு கசிந்து, கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. கருப்பை வாயின் சளியையும் கெட்டிப்படுத்துகிறது. அங்கீகரிக்கப்பட்ட அடிப்படைக் காலம் 3 ஆண்டுகள். நம் நாட்டின் அரசுக் குடும்பநலத் திட்டத்தில் 2023-இல்தான் இது சில மாநிலங்களின் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் படிப்படியாக நுழைந்தது. அதனால் போவதற்கு முன்பே, அருகில் எந்த மருத்துவமனையில் வைக்கிறார்கள், எங்கே எடுக்கிறார்கள் என்ற இரண்டையும் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிட முக்கியமானது என்பது என் எண்ணம். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

தவறும் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் தீர்ப்பு எளிது. ஓர் ஆண்டில் கைக்குச்சி வைத்துக்கொண்ட ஆயிரம் பெண்களில் கருவுறுவோர் ஒருவர் என்ற அளவிலேயே இருக்கிறார்கள். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில், தேதி தவறுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு 4 பேர். தினமும் விழுங்கும் மாத்திரையில் 7 பேர். ஆணுறையில் 13 பேர். கைக்குச்சி கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷனுக்கே ஈடு கொடுக்கும், ஆபரேஷனில் கூட ஆயிரத்துக்கு 5 பேர் வரை கருவுறுகிறார்கள் என்று சொன்னால் பெண்கள் வியப்போடு நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆனால் அந்த வியப்பை வைத்து யாரும் முடிவெடுத்து நான் பார்த்ததில்லை. அவர்கள் முடிவெடுப்பது வேறு கேள்விகளை வைத்து. அவற்றுள் மிகப் பெரியது ரத்தம் பற்றிய கேள்வி.

கைக்குச்சி வைத்த பின் மாதவிலக்கு முன்போல் வராது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ரத்தப்போக்கு அறவே நின்றுவிடுகிறது. மூன்றில் ஒருவருக்கு எப்போதாவது வருகிறது. ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோருக்கு நாள்கணக்கில் நீளுகிறது. உடலுக்கு இது கேடில்லை என்று மருத்துவர் சொல்வது சரியே. குச்சியை முன்கூட்டியே எடுக்கச் சொல்லிப் பெண்கள் வருவதற்கு உலகம் முழுவதும் முதன்மையான காரணம் இதுதான் என்பதும் அதே அளவு உண்மை. இரண்டு உண்மைகளும் ஏன் ஒன்றாக நிற்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள நம் வீடுகளுக்குள் போக வேண்டும். சொட்டுச் சொட்டாகப் பதினைந்து நாள் தொடரும் ரத்தம், மருத்துவக் குறிப்பில் ஒரு வரி. வீட்டில் அது பதினைந்து நாள் தீட்டு. பூஜை அறைக்குள் போகக்கூடாது, சில வீடுகளில் அடுப்பங்கரைக்கும் போகக்கூடாது. ஆடி மாதத்தில் வீட்டு வாசலில் கூழ் ஊற்றும் நாளும், வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு வரும் நாளும் எந்தத் தேதி என்று பெண்களுக்குத் தெரியும். தன் விலக்கு எந்தத் தேதியில் வரும் என்பதும் தெரிந்தால்தான் அவர்கள் மனம் நிம்மதியாக இருக்கும். குச்சி அந்தக் கணக்கை எடுத்துவிடுகிறது. பேர்ணாம்பட்டிலும் ஆம்பூரிலும் இஸ்லாமியப் பெண்கள் இதே கேள்வியைத் தொழுகையையும் நோன்பையும் வைத்துக் கேட்பார்கள். மாதவிலக்கையும், அதன் நாள்களுக்கு அப்பால் தொடரும் கசிவையும் மார்க்கச் சட்டம் வேறுபடுத்திப் பார்க்கிறது என்பதும், பின்னதில் தொழுகையை விடவேண்டியதில்லை என்பதும் அவர்களுள் பலருக்கு முன்பே தெரிந்திருக்கும். எந்த நாளை எதில் சேர்ப்பது என்பதை, மார்க்கம் கற்ற பெண்ணான ஆலிமாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்வது ஆலோசகரின் வேலைக்கு வெளியே உள்ளதல்ல.

இதற்கு நேர் எதிரான பயமும் உண்டு. விலக்கு நின்றுவிட்டால், வெளியேற வேண்டிய கெட்ட ரத்தம் வயிற்றிலேயே தங்கிக் கட்டியாகிவிடும், உடம்பு சூடாகிவிடும், உடல் ஊதிவிடும் என்பது அது. இதை 'மூடநம்பிக்கை' என்று ஒதுக்கிய சொற்பொழிவுகளை நான் கேட்டிருக்கிறேன். அவற்றால் ஒரு பெண்ணும் மனம் மாறியதில்லை. மாதாமாதம் கருப்பையின் உட்புறம் ஒரு மெத்தை போலத் தடித்து, கரு தங்காதபோது உதிர்கிறது, குச்சி வைத்தால் அந்த மெத்தையே தடிப்பதில்லை, உதிர ஒன்றும் இல்லாததால்தான் ஒன்றும் வருவதில்லை என்று விளக்கினால், தறியில் பாவு ஓட்டும் பெண்ணுக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கும் அது உடனே விளங்குகிறது. "அப்ப உள்ள எதுவும் தேங்கலியா, நர்சம்மா?" என்று ஒருவர் கேட்டபோது, இத்தனை நாள் அவருடைய தயக்கம் எதைப் பற்றியது என்பது எனக்கே அன்றுதான் புரிந்தது.

காப்பர்-டி இந்த விஷயத்தில் வேறு திசையில் போகிறது. அதில் ஹார்மோன் இல்லை. மாதவிலக்கு மாதக் கணக்கு தவறாமல் வரும். தேதி முக்கியம் என்று நினைக்கும் பெண்ணுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குப் போக்கும் வலியும் கூடுதலாக இருக்கும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள். பிரசவத்தில் ரத்தம் இழந்து, இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, காலணித் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் பெண்ணுக்குக் கூடுதல் போக்கு சிறிய செய்தியல்ல. அத்தகையவருக்குக் குச்சியே பொருத்தம் என்று நான் தயங்காமல் சொல்வேன். ஹீமோகுளோபின் நன்றாக உள்ளவருக்கு, 5 ஆண்டுக்கான 375 வகையும் 10 ஆண்டுக்கான 380ஏ வகையும் உள்ள காப்பர்-டி மிக நல்ல முறை. அதைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே வைத்துவிடலாம், தவறினால் ஆறு வாரம் கழித்து வைக்கலாம்.

அந்த 48 மணி நேரம் என்ற வசதியே நம் பகுதியில் காப்பர்-டியின் பெயரைக் கெடுத்தது என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். பிரசவ மேசையில், வலி ஓய்வதற்குள், "வெச்சிடலாமா?" என்று கேட்டுத் தலையசைப்பை ஒப்புதலாக எடுத்துக்கொண்ட இடங்கள் உண்டு, கேட்காமலே வைத்த இடங்களும் உண்டு. வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, நூல் தட்டுப்பட்டபோதுதான் தனக்குள் அது இருப்பதே தெரிந்தது என்று என்னிடம் சொன்ன பெண்கள் ஒருவர் இருவர் அல்லர். அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் தங்கையிடம் போய்க் கைக்குச்சியைப் பற்றி எவ்வளவு நல்லதாகச் சொன்னாலும், அவர் கேட்பது குச்சியைப் பற்றியதாக இருக்காது. எங்களைப் பற்றியதாகவே இருக்கும்.

இந்த அவநம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1975 முதல் 1977 வரையிலான அவசரநிலைக் காலத்துக் கட்டாய அறுவைகள் பாட்டிமார்களின் நினைவில் இன்னும் இருக்கின்றன. 2014-இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் கு.க. ஆபரேஷனுக்குப் பின் பெண்கள் உயிரிழந்தனர். 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. இம்ப்ளாண்ட்டுக்கே ஒரு பழைய கதை இருக்கிறது. 1983-இல் பின்லாந்தில் முதன்முதலாக அனுமதி பெற்ற நார்பிளாண்ட் ஆறு குச்சிகள் கொண்டது; எடுப்பது கடினம். அதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இங்கே சோதித்தபோது, பெண்களுக்கு முழுமையாக விளக்கவில்லை, பின்தொடர்ந்து பார்க்கவில்லை என்று மகளிர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. இன்றைய ஒற்றைக் குச்சி வேறு பொருள், வேறு மருந்து. ஆயினும் அன்று எழுந்த இரு கேள்விகள் இன்றும் அப்படியே செல்லும்: எனக்கு எல்லாம் சொன்னீர்களா? வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்களா?

குச்சி பற்றிய மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகவே பார்க்கலாம். தாய்ப்பால் வற்றிவிடும் என்பது சரியல்ல. இதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் பால் கொடுக்கும் தாய்க்குப் பிரசவமானவுடனேயே வைக்கலாம். அரசு தரும் மாலா-என் மாத்திரையைத்தான், அதில் ஈஸ்ட்ரோஜன் இருப்பதால், பால் கொடுப்பவர்கள் முதல் ஆறு மாதங்களுக்குத் தவிர்க்க வேண்டும். பிறகு பிள்ளையே பிறக்காது என்பதும் சரியல்ல. குச்சியை எடுத்த சில வாரங்களிலேயே கருமுட்டை மறுபடி வெளிவரத் தொடங்குகிறது. இடுப்பில் குடம் சுமக்கும் கை அல்லவா என்று கேட்பவர்களுக்கு, ஓரிரு நாள் மட்டும் அந்தக் கையால் பளு தூக்க வேண்டாம், அதன்பின் குடமும் குழந்தையும் தடையில்லை என்று சொல்ல வேண்டும். உடல் எடை சிலருக்குக் கூடுகிறது, தலைவலியும் முகப்பருவும் சிலருக்கு வருகின்றன. இவற்றை மறைக்கக் கூடாது.

"குச்சி ஓடிப்போய் இதயத்தில் குத்திவிடும்" என்ற பயத்துக்கு மட்டும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். சரியான ஆழத்தில் வைக்கப்பட்ட குச்சி வைத்த இடத்திலேயே இருக்கும். நகர்ந்தாலும் ஓரிரு சென்டிமீட்டர்தான். ஆனால் மிக ஆழமாக வைக்கப்பட்டு, ரத்தக்குழாய்க்குள் புகுந்து நுரையீரல் வரை சென்ற மிக அரிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. "ஒருபோதும் நடக்காது" என்று அடித்துச் சொல்லும் ஆலோசகர், ஒரு நாள் கைப்பேசியில் அந்தச் செய்தியைப் படிக்கும் பெண்ணின் நம்பிக்கையை முழுவதுமாக இழப்பார். வைத்து முடித்தவுடன் அந்தப் பெண்ணே தன் விரலால் குச்சியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பின்பு மாதம் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் யாரையும் கீற விடாமல், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு வர வேண்டும். பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஊசியையும் மாத்திரையையும் அளக்கும்போது வேறு ஓர் அளவுகோல் வருகிறது: நிறுத்தும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பது. 2017-இல் அரசுத் திட்டத்தில் வந்த, அந்தரா என்ற மூன்று மாத ஊசியும் சாயா மாத்திரையும் வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிடலாம். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சாயா ஹார்மோன் அல்லாதது; முதல் மூன்று மாதம் வாரம் இரு நாள், பின்பு வாரம் ஒரு நாள். மாத்திரை அட்டை மாமியார் கண்ணில் பட்டால் வீட்டில் பேச்சு வரும் என்ற நிலையில் உள்ள பெண்ணுக்கு, சுவடே இல்லாத ஊசி ஒரு பாதுகாப்பு. அந்த ரகசியத்தின் அருமை ஆலோசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஊசியை நிறுத்திய பின் கருவுறும் திறன் திரும்ப, கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 7 முதல் 10 மாதங்கள் ஆகலாம். இதை முன்பே சொல்லாவிட்டால், "ஊசி போட்டுக்கொண்டதால் மலடாகிவிட்டாள்" என்ற பேச்சு ஒரு தெருவையே மூடிவிடும்; சொல்லிவிட்டால் அது ஒரு கணக்கு மட்டுமே. போக்கில் மாற்றம் வரும், அது ஆபத்தில்லை என்று முதல் ஊசிக்கு முன்பே விரிவாக விளக்கப்பட்ட பெண்கள், வழக்கமான சில சொற்களோடு அனுப்பப்பட்டவர்களைவிடக் குறைவாகவே பாதியில் கைவிட்டார்கள் என்பதைச் சீனாவிலும் மெக்சிகோவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்து ஒன்றேதான், மாறியது பேச்சு மட்டுமே.

ஆகவே முறைகளை ஒப்பிடும் அதே கவனத்தோடு ஆலோசனை நடக்கும் இடங்களையும் ஒப்பிட வேண்டும். பிரசவ அறையில் நடப்பதை நான் ஆலோசனை என்றே ஏற்பதில்லை. பிரசவித்த மறுநாள் வார்டில் நடப்பது சற்று மேல். ஆனால் கட்டிலைச் சுற்றி உறவினர் நிற்பார்கள், பெண் மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். கர்ப்பகாலத்தின் ஏழாம், எட்டாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போது, ஒருமுறை தனியாகவும் ஒருமுறை கணவரோடும் பேசுவதே என் அனுபவத்தில் நின்று பயன் தந்தது. மாமியாரை விலக்கிவிட வேண்டும் என்பதில்லை. கெட்ட ரத்தம், சூடு பற்றிய விளக்கம் அவருக்கும் தேவை. பதினைந்து நாள் கசிவு வரும்போது வீட்டில் முதலில் பேசப்போவது அவர்தான். ஆனால் முடிவைச் சொல்லும் நேரத்தில் அறையில் அவர் இருக்கக் கூடாது. நல்ல ஆலோசனைக்கு உலக அளவில் பயன்படும் அடையாளக் கேள்விகள் எளியவை: வேறு முறைகளும் உண்டு என்று சொன்னார்களா, பக்கவிளைவுகளைச் சொன்னார்களா, அவை வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா, பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறலாம் என்று சொன்னார்களா? இவற்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அந்தப் பெண் இன்னொரு முறை வந்து கேட்கலாம், கேட்க வேண்டும்.

சிலருக்குத் தேர்வை நோயே குறுக்கிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய் உள்ளவருக்குக் குச்சி கூடாது. காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கும், வலிப்புக்கு ஃபெனிடாய்ன், கார்பமாசெபின் சாப்பிடுபவருக்கும் குச்சியின் பலன் குறையும். அவர்களுக்குக் காப்பர்-டியோ ஊசியோ நல்லது. "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், காசநோயையும் வலிப்பையும் புகுந்த வீட்டில் மறைத்து வாழும் பெண் 'இல்லை' என்றுதான் சொல்வார். இதற்காகவும் அந்தத் தனிமையான பத்து நிமிடம் வேண்டும். பால்வினை நோய்களிலிருந்து ஆணுறையைத் தவிர இவற்றில் எதுவும் காக்காது.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆண்கள் செய்துகொள்வது மிக மிக அரிது. இரண்டாவது குழந்தை பிறந்ததும் இருபத்தைந்து வயதுக்குள் ஆபரேஷன் என்பது நம் பகுதியில் எழுதப்படாத விதியாக இருக்கிறது. முடிவு உறுதியாக இருந்தால் அது நல்ல முறைதான். உறுதியாக இல்லாதவர், "எப்படியும் செய்யத்தானே வேண்டும்" என்று மேசையில் படுப்பதைத் தடுக்கக் கூடியது கைக்குச்சி: ஆபரேஷன் அளவுக்கு நம்பகம், மூன்று ஆண்டு அவகாசம். தாயும் குழந்தையும் ஓரளவு வளர்ந்தபின் முடிவெடுக்கலாம் என்ற இந்த வாய்ப்புக்காகவே, இது எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஆனாலும் குச்சியைத் தானே நிறுத்திக்கொள்ள முடியாது. எடுக்கப் பயிற்சி பெற்ற கை வேண்டும். சில மில்லிமீட்டர் கீறல், சில நிமிட வேலை. அந்தக் கை இருக்கும் இடம் பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி இரண்டு பேருந்து மாறிப் போகும் தொலைவில் இருந்தால், அது சிறிய வேலையல்ல. "இன்னும் இரண்டு மாதம் பாருங்கள், சரியாகிவிடும்" என்று திருப்பி அனுப்பப்படும் பெண், ஊருக்குப் போய்ச் சொல்லும் ஒரு சொல் எங்கள் பத்துக் கூட்டங்களைக் கரைத்துவிடும். கசிவைக் குறைக்க மெஃபனாமிக் அமிலம் போன்ற மாத்திரையைச் சில நாள் தரலாம்; அதைச் சொல்லிப் பார்க்கலாம்; அதன் பிறகும் எடுக்க வேண்டும் என்றால், காரணம் கேட்காமல் அன்றே எடுக்க வேண்டும்.

எனவே ஐந்தாம் மாதம் புகுந்த வீடு திரும்பவிருக்கும் பெண்ணுக்கு நான் சொல்வது இது. மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும், ரத்தசோகை இருக்கிறது, புகுந்த ஊரிலிருந்து ஒரே பேருந்தில் போகும் தூரத்தில் குச்சியை எடுக்கும் மருத்துவமனை இருக்கிறது என்றால், குச்சி. தேதி தவறாத விலக்கு வேண்டும், உடலில் ரத்தம் போதிய அளவு இருக்கிறது என்றால், காப்பர்-டி. வீட்டுக்குத் தெரியக் கூடாது, அடுத்த குழந்தைக்கு அவசரமில்லை என்றால், ஊசி. எதையும் உடலுக்குள் வைக்க மனம் ஒப்பவில்லை என்றால், வற்புறுத்தாமல், சாயாவும் ஆணுறையும். எதைத் தேர்ந்தாலும், கைப்பையில் வைத்திருக்கும் தாய்-சேய் நல அட்டையின் பின்பக்கத்தில், எந்தக் கையில், எந்தத் தேதியில், எங்கே வைத்தார்கள், எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும், புகுந்த ஊரில் எடுக்கும் மருத்துவமனை எது என்பதைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். ஊர் மாறும்போது மருத்துவமனைப் பதிவேடு கூட வருவதில்லை. அந்த அட்டை வரும்.